சாட்சியோடு திறந்த பெட்டி

பிப்ரவரி 24

மச்சானுக்கு,

இந்த மெயிலைப் பார்த்ததும் உன் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். உன் அக்காவும் நானும் பிரிந்த பிறகு நீயும் நானும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. என் நம்பரை நீ தடுத்து வைத்திருக்கிறாய் என்பதையும் வெவ்வேறு நேரத்தில் அழைத்துப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். அதனால்தான் எழுதுகிறேன். பயப்படாதே, சமாதானம் பேச வரவில்லை. ஒரு கம்ப்யூட்டர் விஷயம்.

குட்டியும் நானும் சனிக்கிழமை சாயங்காலம் சேர்ந்து ஒரு கேம் விளையாடுகிறோம். கடலில் ஒரு படகு, சுற்றிலும் தீவுகள். மீன் பிடிக்கலாம், கோழி வளர்க்கலாம். அவள் உங்கள் ஊரில் அவளுடைய அறையில், நான் இங்கே என் ஒற்றை அறையில், இரண்டு பேர் காதிலும் ஹெட்போன். படகை அவள் ஓட்டுவாள். நான் முனையில் விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அவளை நேரில் பார்ப்பது பள்ளி விடுமுறைக்கு விடுமுறைதான். மற்றபடி நான் அப்பாவாக இருப்பது அந்த இரண்டு மணி நேரம்தான். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஏப்ரல் தொடக்கத்தில் அந்த கேமின் புதிய பதிப்பு வருகிறது. அதன்பின் என் கம்ப்யூட்டரில் அது திறக்கவே திறக்காது என்று அறிவிப்பு வந்துவிட்டது. இப்போதே புயல் அடித்தால் கடல் நின்று நின்று நகர்கிறது. புதிது வாங்க வசதியில்லை. உள்ளே சில பாகங்களை மாற்றினாலே போதும் என்கிறார்கள். நீ இத்தனை வருஷமாகக் கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கிறாய். இங்கே எந்தக் கடைக்காரனையும் எனக்குத் தெரியாது. தெரியாதவனை நான் நம்புவதில்லை. தெரிந்தவர்களை நம்பிய கதையும் உனக்குத் தெரியும்.

வீடியோக்கள் பார்த்து நானே ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். எட்டு கோர் வைத்த புராசஸர், அதற்கு ஏற்ற மதர்போர்டு, கலர் கலராக எரியும் நாலு ஃபேன், பக்கவாட்டில் கண்ணாடி வைத்த கேபினெட். மிச்சப் பணத்துக்கு ஒரு கிராபிக்ஸ் கார்டு. சரியா என்று மட்டும் சொல். இதில் உனக்கு எவ்வளவு கமிஷன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடு. பின்னால் தெரியவந்தால் மனசு கஷ்டப்படும்.

அங்கே மழை உண்டா?

அத்தான்


பிப்ரவரி 27

ஐயா,

மெயில் கிடைத்தது. மழை உண்டா என்று எதற்குக் கேட்டீர்கள் என்று கடையில் உட்கார்ந்து யோசித்தேன். மழை உண்டு என்று எழுதினால், அக்கா வேலைக்கு எதில் போகிறாள் என்று அடுத்த கேள்வி வரும். அப்புறம் யார் கூட்டிப் போகிறார்கள் என்று வரும். நூல் பிடித்துக்கொண்டே போவீர்கள். காப்பீட்டுக் கம்பெனிக்காக அடிபட்ட வண்டிகளைச் சோதித்துச் சோதித்து, உங்களுக்கு மனுஷர்களும் அடிபட்ட வண்டியாகத்தான் தெரிகிறார்கள். ஐந்து நிமிஷம் தாமதமாக வந்தாலும் விசாரணை. அது தாங்காமல்தான் அக்கா அந்த வீட்டை விட்டு வந்தாள்.

உங்கள் மகளுக்காக, அந்த வாண்டுக்காக உதவி செய்கிறேன். போனில் பேச மாட்டேன். எல்லாம் எழுத்தில் இருக்கட்டும், நாளைக்கு "நீ அப்படிச் சொன்னாய், இப்படிச் சொன்னாய்" என்ற பேச்சு வராது. அக்காவைப் பற்றி ஒரு கேள்வி வந்தாலும் அதோடு நிறுத்திவிடுவேன். நான் உங்களுக்கு எழுதுவது அக்காவுக்குத் தெரியவும் கூடாது. கமிஷன் கிடையாது.

உங்கள் தேர்வைப் பார்த்தேன். நீங்கள் கேம் விளையாடப் போகிறீர்களா, விளக்குக் கடை திறக்கப் போகிறீர்களா? சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இதுதான். திரையில் அந்தக் கடலை வரைவது கிராபிக்ஸ் கார்டு. அதற்குத்தான் முதலில் செலவு செய்ய வேண்டும், மிச்சத்தில் அல்ல. ஃபேன் எந்தக் கலரில் எரிந்தாலும் படகு ஒரு அடிகூட வேகமாகப் போகாது.

இப்போது உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் எதையும் சொல்ல முடியாது. பக்கத் தகட்டைக் கழற்றி, உள்ளே தெரிகிற மாதிரி இரண்டு போட்டோ அனுப்பவும்.


மார்ச் 3

மச்சானுக்கு,

ஐயாவா? சரி. என் கல்யாணத்தில் என் தோளில் ஏறி உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டவனுக்கு நான் ஐயா. வைத்துக்கொள்.

போட்டோக்களை முந்தாநாளே அனுப்பிவிட்டேன். நீ இரண்டு கேட்டாய், நான் எல்லாப் பக்கமும் எடுத்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்கேல் வைத்திருப்பதைப் பார்த்துச் சிரிக்காதே. அளவு தெரியாத போட்டோ எங்கள் ஆபீசில் செல்லாது. தூசியைத் துடைக்கவில்லை. இருந்தது இருந்தபடி இருக்க வேண்டும்.

போட்டோ பார்த்ததும் நீ அனுப்பிய ஒரு வரிப் பதிலும் வந்தது. "பவர் சப்ளையை உடனே மாற்ற வேண்டும், நல்லதாக." அதற்கு நீ சொன்ன விலையைப் பார்த்துக் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. கரண்டு வாங்கிக் கரண்டு கொடுக்கும் ஒரு தகரப் பெட்டி. கேம் தெரியுமா அதற்கு? கடல் தெரியுமா? இது இல்லாமல் எட்டு வருஷமாக என் கம்ப்யூட்டர் ஓடவில்லையா? கமிஷன் இல்லை என்கிறவன் தகரப் பெட்டிக்கு ஏன் இவ்வளவு அக்கறை காட்டுகிறான்? எலி ஏன் அம்மணமாக ஓடுகிறது என்று தெரிந்துகொள்ளாமல் நான் பணம் அனுப்புவதாக இல்லை.

இன்னொன்று. குட்டியின் கம்ப்யூட்டரில் என்ன கார்டு இருக்கிறது? அவள் பக்கம் படகு வழுக்கிக்கொண்டு போகிறதாம். தண்ணீருக்கு அடியில் மீனின் நிழல்கூடத் தெரிகிறதாம். நல்ல விலை உள்ள கார்டாகத்தான் இருக்க வேண்டும். யார் வாங்கிக் கொடுத்தார்கள்?

அத்தான்


மார்ச் 7

ஐயா,

"யார் வாங்கிக் கொடுத்தார்கள்" என்ற கேள்விக்குள் ஒளிந்திருக்கும் கேள்வி எனக்குப் புரியாமல் இல்லை. நான் வாங்கிக் கொடுத்தேன். அவளுடைய பிறந்தநாளுக்கு. தாய்மாமன் செய்ய வேண்டியதைச் செய்தேன். நீங்கள் நினைக்கும் ஆள் யாரும் இல்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். இது முதல் எச்சரிக்கை.

பவர் சப்ளை பற்றி. மலிவான பவர் சப்ளை செத்தால் தனியாகச் சாகாது, பக்கத்தில் இருப்பதையும் இழுத்துக்கொண்டு போகும். வாரத்துக்கு ஒன்றாவது அப்படி என் மேஜைக்கு வருகிறது. உங்களுடையது உங்கள் பழைய கார்டு கொஞ்சமாகச் சாப்பிட்டதால் பிழைத்துக்கொண்டிருந்தது. நல்ல கார்டு போட்டால் புயல் நேரத்தில் மூச்சு விட்டுவிடும். நான் சொன்னதில் எங்களைப் போன்ற கடைகளுக்கு வரும் விலைக்கு மேல் ஒரு காசு இல்லை. வேண்டுமானால் நாலு இடத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள், நீங்கள் விசாரிக்காமல் இருக்கப் போவதும் இல்லை.

புராசஸரைத் தொட வேண்டாம், இன்னும் இரண்டு வருஷம் ஓடும். மதர்போர்டும் இருக்கட்டும். ரேம் ஒன்றுதான் போட்டிருக்கிறீர்கள். அதே மாதிரி இன்னொன்று ஜோடியாகப் போட்டால் நல்லது, ஆனால் அந்த மாடல் இப்போது கடையில் இல்லை, கிடைக்கும்போது பார்க்கலாம்.

கார்டு: பழசு ஒன்று இருக்கிறது. இரண்டு ஃபேன் வைத்தது, பின்பக்கம் கறுப்புத் தகடு. புதிய பதிப்புக்குத் தாராளமாகப் போதும். நல்ல கையில் இருந்தது, வாராவாரம் தூசி தட்டிய கார்டு. அதற்குப் பணம் வேண்டாம். யாருடையது என்று கேட்கக் கூடாது.


மார்ச் 11

மச்சானுக்கு,

நாலு இடத்தில் விசாரித்தேன். பவர் சப்ளை விஷயத்தில் நீ சொன்னது சரி. பணம் அனுப்பிவிட்டேன்.

கார்டு விஷயத்தில்தான் எனக்குத் தூக்கம் வரவில்லை. பணம் வேண்டாமாம். யாருடையது என்று கேட்கக் கூடாதாம். என் வேலையில் இந்த இரண்டு வாக்கியத்தையும் ஒரே ஆள் சொன்னால், அவன் வண்டியை நான் இன்னொரு தடவை சுற்றி வருவேன். சோழியன் குடுமி சும்மா ஆடாது. திருட்டுப் பொருளா? ராப்பகலாக எங்கேயோ ஓட விட்டு வறுத்தெடுத்த கார்டா? அப்படி வறுத்ததைப் பளபளவென்று துடைத்து விற்கிறார்கள் என்று வீடியோவிலேயே காட்டுகிறார்கள். அல்லது, சொல்லவே கஷ்டமாக இருக்கிறது, சரியாகப் புதிய பதிப்பு வருகிற வாரத்தில் நின்றுபோகிற கார்டாகப் பார்த்து எடுத்து வைத்திருக்கிறாயா? "அப்பாவால் ஒரு கேம்கூட ஒழுங்காக விளையாட முடியவில்லை" என்று அவளுக்குத் தோன்ற வேண்டும் என்று யாராவது நினைக்கிறார்களா? யாரையும் பெயர் சொல்லவில்லை.

போன சனிக்கிழமை புயலில் என் திரை அப்படியே உறைந்துவிட்டது. திரும்பி வந்து பார்த்தால் எங்கள் கோழி கடலில் விழுந்திருந்தது. ஆரஞ்சுக் கோழி. எதைக் கண்டாலும் கொத்திக் கொத்திச் சோதிப்பதால் குட்டி அதற்கு 'இன்ஸ்பெக்டர்' என்று பெயர் வைத்திருக்கிறாள். யாரைப் பார்த்து வைத்த பெயர் என்று நான் கேட்கவில்லை. "பரவால்லப்பா, நீந்தி வந்துரும்"னு சொன்னாள். என்னைத் தேற்றுகிறாள், பன்னிரண்டு வயசுப் பெண்.

எனக்கு வேறு வழியில்லை. அனுப்பு.

அத்தான்


மார்ச் 17

ஐயா,

பார்சல் இன்று போகிறது. உள்ளே இரண்டு பெட்டி. பெரியது பவர் சப்ளை, சின்னது கார்டு.

நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்க எனக்குக் கை ஓடவில்லை. நான் உங்கள் மேல் கோபமாக இருக்கிறேன், அது வேறு. ஆனால் ஒரு பிள்ளை காத்திருக்கும் இடத்தில் கெட்ட கார்டை அனுப்புகிறவன் என்று என்னை நினைத்தீர்களே. சரி, நானும் உங்களைப் பற்றி ஒன்று நினைத்தேன். கார்டின் எண்ணைக் குறித்து வைத்திருக்கிறேன், தனியாக எழுதி இணைத்திருக்கிறேன். நாளைக்கு வேறு எதையோ காட்டி "நீ அனுப்பியது இதுதான்" என்று நீங்கள் சொல்லிவிடக் கூடாது பாருங்கள். உங்களிடம் பழகினால் அந்த வியாதி ஒட்டிக்கொள்கிறது.

மாட்டும் முறை. வயரைப் பிடுங்கிவிட்டு, இரும்பைத் தொட்டுக் கையில் இருக்கும் மின்சாரத்தைப் போக்கிக்கொள்ளுங்கள். பழைய பவர் சப்ளையைக் கழற்றும் முன் எந்த வயர் எங்கே போகிறது என்று பாருங்கள், ஸ்கேல் வைத்துப் படம் எடுத்தாலும் சரி. கார்டை அதற்குரிய நீளப் பள்ளத்தில் வைத்து அழுத்தினால் 'டக்' என்று சத்தம் வரும். பவர் சப்ளையிலிருந்து கார்டுக்குத் தனி வயர் போக வேண்டும், மறக்க வேண்டாம். மானிட்டர் வயரைக் கார்டில்தான் செருக வேண்டும், மதர்போர்டில் அல்ல. ஒரே ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும்.

முக்கியமாக, சின்னப் பெட்டியை நீங்களே திறக்கவும். உங்கள் கையாலேயே. வாண்டு கேட்கச் சொன்னாள்: திறந்ததும் சிரித்தீர்களா என்று எழுத வேண்டுமாம்.


மார்ச் 25

மச்சானுக்கு,

சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலைமையில் நான் இல்லை.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். பார்சல் வந்தது. உன் மெயிலை மறுபடியும் படித்தேன். "நீங்களே திறக்கவும், உங்கள் கையாலேயே." ஏன் இவ்வளவு அழுத்தம்? யாரும் பக்கத்தில் இருக்கக் கூடாது என்றா? எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. தகராறுக்கு வாய்ப்புள்ள பார்சலைத் தனியாகத் திறக்கக் கூடாது. சம்பந்தமில்லாத மூன்றாவது ஆள் ஒருவர் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே இருந்தது இதுதான் என்று எப்படி நிரூபிப்பாய்? அதனால் ஒட்டிய டேப்பைக்கூடத் தொடாமல், கம்ப்யூட்டரையும் தூக்கிக்கொண்டு எங்கள் தெருமுனையில் இருக்கும் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்குப் போனேன். நன்றாகச் சோதித்துவிட்டு மாட்டித் தரச் சொன்னேன்.

கடைக்காரர் மரியாதையானவர். "டெஸ்ட் பண்ற டேபிள் உள்ள இருக்கு சார், நீங்க உக்காருங்க"ன்னார். உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் கழித்து எல்லாம் மாட்டி, மூடி, துடைத்துக் கொடுத்தார். "கார்டு சுமார்தான் சார், ஆனா ஓடும்"னார். பார், முன்பின் தெரியாத ஆள் முதல் பார்வையிலேயே சொல்லிவிட்டார், சுமார் என்று.

சனிக்கிழமை சாயங்காலம். குட்டி உற்சாகமாக இருந்தாள். வந்ததும் வராததுமாக "பார்த்தீங்களாப்பா?"ன்னு கேட்டாள். அவள் படகுக்குப் புதிதாக ஒரு கொடி கட்டியிருந்தாள், அதைத்தான் கேட்கிறாள் என்று "பார்த்தேன், அழகா இருக்கு"ன்னேன். "அவ்ளோதானா?"ன்னாள். குரல் இறங்கிவிட்டது. ஏன் என்று புரியவில்லை. அப்புறம் கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போவதற்குள் என் திரை கறுத்துப் போனது. மறுபடி தொடங்கினேன், மறுபடி கறுத்தது. மூன்றாம் தடவை உள்ளே போனபோது அவள் படகில் இல்லை. விளக்கு மட்டும் முனையில் எரிந்துகொண்டிருந்தது.

நீ ஜெயித்துவிட்டாய். அடுத்த வாரம் புதிய பதிப்பு. இந்தக் கார்டு அதை முகர்ந்துகூடப் பார்க்காது. என்மேல் உள்ள கோபத்தை என்னிடம் காட்டியிருக்கலாம். அவளை நடுக்கடலில் தனியாக நிற்க வைத்திருக்க வேண்டாம்.


மார்ச் 26

ஐயா,

எதுவும் பேசும் முன் ஒன்று செய்யுங்கள். கேபினெட்டைத் திறந்து கார்டைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். முன்பக்கம், பின்பக்கம், எண் தெரிகிற மாதிரி. இப்போதே.


மார்ச் 26

இணைத்திருக்கிறேன். ஸ்கேலோடு.

நீ அனுப்பிய பொருளை நீயே பார்த்துக்கொள். ஒரே ஒரு ஃபேன். பின்பக்கம் தகடும் இல்லை கிகடும் இல்லை, வெறும் பச்சைப் பலகை. "இரண்டு ஃபேன், கறுப்புத் தகடு" என்று நீ எழுதிய மெயிலையும் எடுத்து வைத்திருக்கிறேன்.


மார்ச் 27

ஐயா,

அது நான் அனுப்பிய கார்டு இல்லை. நான் எழுதிய எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பாதி எண்ணாவது பொருந்துகிறதா?

உண்மையைச் சொல்கிறேன். படத்தைப் பார்த்ததும் நீங்கள்தான் மாற்றிவிட்டீர்கள் என்று நினைத்தேன். நல்லதை விற்றுவிட்டு, என்மேல் பழி போட்டு, அதையே சாக்காக வைத்து அக்காவிடம் சண்டைக்கு வரப் போகிறீர்கள் என்று நினைத்தேன். பதில் எழுதாமல் எழுந்து போய்விட்டேன். பிறகு அதற்கு முந்தைய உங்கள் மெயிலை நிதானமாகப் படித்தேன். "உட்கார்ந்தேன்" என்று ஒரு வரி இருக்கிறதே, அங்கே நின்றுவிட்டேன்.

சாட்சி வேண்டும் என்று போன மனுஷன், பெட்டியைச் சாட்சியிடம் கொடுத்துவிட்டு வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். திருடனையே காவலுக்கு வைத்த கதை. இத்தனை வருஷமாகத் தெரிந்த என்னைச் சந்தேகப்பட்டு, "சார்" என்று ஒரு வார்த்தை சொன்னவனை நம்பினீர்களே!

இனிமேல் மறைத்துப் பிரயோஜனம் இல்லை. அது வாண்டுவின் கார்டு. நான் அவளுக்குப் பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்தது. உங்கள் போட்டோக்கள் வந்த வாரம், அப்பா கம்ப்யூட்டருக்கு என்ன பாகம் வேண்டும் என்று என்னைத் துளைத்து எடுத்தாள். வாய் தவறிச் சொல்லிவிட்டேன். மறுநாள் தன் கேபினெட்டைத் தானே கழற்றி, அந்தக் கார்டைத் துணியில் சுற்றிக்கொண்டு கடைக்கு வந்து நின்றாள். "என்கிட்ட இருந்து வந்ததுன்னு முன்னாடியே சொல்லிறாதீங்க மாமா, அப்பாவே திறந்து பார்க்கட்டும்"னாள். பின்பக்கத் தகட்டில் நகப் பாலிஷால் என்னவோ வரைந்து, எழுதியிருந்தாள். காய்வதற்கு அரை நாள் கடை மேஜையில் காவல் இருந்தேன். அவள் கேட்டது கொடியைப் பற்றி இல்லை.

இப்போது அவள் கம்ப்யூட்டரில் நான் போட்டிருப்பது கடையில் கிடந்த ஒரு சின்னக் கார்டு. புதிய பதிப்புக்குத் தொட்டுக்கோ துடைச்சுக்கோ என்று போதும். மீனெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிகிறது. "இப்படியும் நல்லாத்தான் மாமா இருக்கு"ங்கிறாள்.

எண் உங்களிடம் இருக்கிறது. அந்தக் கடைக்குப் போங்கள் அத்தான். ஊரில் இருக்கும் நல்லவர்களையெல்லாம் சோதித்தீர்களே, அந்தத் திறமையை இன்றைக்காவது சரியான இடத்தில் காட்டுங்கள்.


ஏப்ரல் 6

மச்சானுக்கு,

போனேன்.

கண்ணாடி அலமாரியிலேயே இருந்தது. இரண்டு ஃபேன். பின்பக்கம் கறுப்புத் தகடு, அதன்மேல் விலை எழுதிய பெரிய ஸ்டிக்கர். வாங்க வந்தவன் மாதிரி கையில் எடுத்து, எண்ணைப் பார்த்தேன். பொருந்தியது. கடைக்காரரிடம் கம்பெனி அடையாள அட்டையையும் உன் மெயிலையும் காட்டினேன். குரலை உயர்த்தவில்லை. "அச்சச்சோ, ரெண்டும் ஒரே மாதிரி இருந்துச்சு சார், பசங்க மாத்தி வெச்சிருப்பாங்க"ன்னார். ஒரு ஃபேனும் இரண்டு ஃபேனும் ஒரே மாதிரி. அந்தக் கடையில் அவரைத் தவிரப் பசங்க என்று யாரையும் நான் பார்க்கவில்லை. வேறொரு நாளாக இருந்தால் அவரை அவ்வளவு லேசில் விட்டிருக்க மாட்டேன். எனக்கு அந்த ஸ்டிக்கரை உரிக்க வேண்டியிருந்தது.

அங்கேயே நகத்தால் உரித்தேன். ஆரஞ்சுக் கோழி. கழுத்தில் ஒரு பூதக்கண்ணாடி தொங்குகிறது. மூக்கு என் மூக்கு, அப்படியே என் மூக்கு. அதற்குக் கீழே கோணல் எழுத்தில்: 'அப்பா, இது என்னோடது. செக் பண்ண வேண்டாம்.'

திறந்ததும் சிரித்தீர்களா என்று கேட்டிருந்தாய். இல்லை. கடையில் நின்று அழுதேன். கடைக்காரர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார், வாங்கிக் குடித்தேன். அதில் என்ன கலந்திருக்கிறதோ என்று ஒரு நொடி தோன்றியது. என்னை என்ன செய்வது, சொல்.

நானே மாட்டினேன். நீ எழுதியதை வரிக்கு வரி படித்துக்கொண்டு, தரையில் உட்கார்ந்து. 'டக்' என்று சத்தம் வந்தது. நேற்றுச் சாயங்காலம் புதிய பதிப்பு திறந்தது. கடலுக்கு அடியில் மீனின் நிழல் போகிறது மச்சான், வழுக்கிக்கொண்டு போகிறது. அவள் கண்ணுக்கு அது இப்போது கட்டமாகத் தெரிகிறது என்று நினைத்தபோது எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை. திருப்பி அனுப்புகிறேன் என்றேன். "குடுத்ததைத் திருப்பி வாங்க மாட்டேன்"னாள். அந்தப் பிடிவாதம் யாருடையது என்று உனக்குத் தெரியும்.

கொஞ்ச நேரம் சும்மா படகு ஓட்டினாள். பிறகு கேட்டாள்.

"இப்ப பார்த்தீங்களா?"

"பார்த்தேன்மா. கோழி என்னை மாதிரியே இருக்கு."

"செக் பண்ணீங்களா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். நீயும் சொல்லியிருக்க மாட்டாய், அவளுக்குத் தெரிந்திருக்காது. இத்தனை வருஷம் மற்றவர்கள் சொன்னது பொய்யா என்று பார்த்தவனுக்கு அவளிடம் பொய் சொல்ல வாய் வரவில்லை.

"பண்ணேன்மா. நீ எழுதினதைப் பார்க்கறதுக்கு முன்னாடியே."

"திறக்கறதுக்கு முன்னாடியேவா?"

"ம்."

சிரித்தாள். நன்றாகச் சிரிக்கவில்லை, மூக்கால். "அம்மா சொன்னாங்க. கண்டிப்பா செக் பண்ணுவார்னு. நான்தான் பெட் கட்டினேன், பண்ண மாட்டார்னு. தோத்துட்டேன்பா. இனிமே ஒரு மாசம் பாத்திரம் கழுவணும்."

ஆக உன் அக்காவுக்கு எல்லாம் தெரியும். முதலிலிருந்தே. நீ மறைத்ததும் தெரியும், நான் எழுதியதும் தெரியும். தெரிந்தே விட்டிருக்கிறாள். இதில் அவளுக்கு என்ன கணக்கு என்று நேற்று ராத்திரி யோசிக்க ஆரம்பித்தேன். பாதியில் எனக்கே வெட்கமாகிவிட்டது, விட்டுவிட்டேன்.

உன்னைச் சந்தேகப்பட்டதற்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. கெட்ட கார்டு அனுப்புகிறவன் என்று எழுதினேனே, அந்த வரியை அழித்துவிடு.

அத்தான்


ஏப்ரல் 9

அத்தானுக்கு,

அந்த வரியை அழிக்கவில்லை. இருக்கட்டும், அடுத்த சண்டைக்கு உதவும்.

அக்காவுக்குத் தெரியாமல் செய்கிறேன் என்று இவ்வளவு நாள் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ராத்திரி சாப்பிட வந்தால் போனைக் கவிழ்த்து வைப்பேன். அவளும் கண்டும் காணாத மாதிரி பரிமாறுவாள். உங்கள் கடைசி மெயிலை அவளிடமே காட்டிவிட்டேன். "நீ அனுப்பினது நல்ல பவர் சப்ளைதானே?"ன்னு முதலில் அதைத்தான் கேட்டாள். அப்புறம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நின்றபடியே முழுவதும் படித்தாள்.

"பெட்ல ஜெயிச்சுட்டியே, சந்தோஷமா?" என்று சும்மா சீண்டினேன். வாண்டு அடுப்படியில் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே, "இந்த ஒரு தடவை நான் தோத்திருக்கலாம்டா"ன்னாள். போனை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். போய்க் கூட நின்று அவளும் பாத்திரம் கழுவினாள்.

உங்கள் ரேமுக்கு ஜோடி கிடைத்துவிட்டது. இன்று அனுப்புகிறேன். பார்சலுக்கு மேலே முகவரி எழுதியது என் கையெழுத்து இல்லை, வாண்டுவுடையதும் இல்லை, யாருடையது என்று உங்களுக்கே தெரியும். கடைக்கு எடுத்துக்கொண்டு போகாமல், வீட்டிலேயே உட்கார்ந்து, நீங்களே திறங்கள்.